நட்டுக் காட்ட மாட்டேன்

"நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள், இயற்கையோடு ஒன்றி வாழ்கிறீர்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். முதன்முதலில் அதை என் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரு சுற்றுச்சூழல் முகாமின் ஒருங்கிணைப்பாளர். தொப்பி போட்டிருந்தார். பேண்ட்டில் முழங்காலுக்குக் கீழேகூட பாக்கெட் இருந்தது. நான் அப்போது வில்லியனூரை ஒட்டிய எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

முகாம் பற்றி அறிவியல் டீச்சர்தான் வந்து சொன்னார். டவுன் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள், நம் ஊர் வயலிலும் ஏரிக்கரையிலும் ஒரு நாள் பாடம், நம் பள்ளியிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்துகொள்ளலாம் என்றார். எட்டில் ஒருத்தியாக என்னைச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுப்பார்களாம். எங்கள் பள்ளி லேபிலும் இரண்டு இருந்தன, பீரோவுக்குள். உடைந்துவிடும் என்று யாரும் அவற்றை வெளியே எடுத்ததே இல்லை. தும்பியின் கண்ணை ஒரு தடவையாவது பெரிதாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பல நாள் ஆசை.

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"வயலுக்கா? இன்னாத்துக்குடி வயலுக்கு?"

"படிக்கத்தாம்மா."

"படிக்கிறதுன்னா போ. சேத்துல மட்டும் கால வெச்சிட்டு வூட்டுக்கு வராத."

அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டு வயதில் குனிந்த முதுகு அது. அப்பா சேதராப்பட்டில் கம்பெனி ஷிப்ட்டுக்குப் போகிறவர். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நான் விளையாட்டுக்குக்கூட நாற்றுக்கட்டைத் தொட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார். அதனால் நடவு என்பது அம்மா செய்யும் வேலை என்று தெரியுமே தவிர, அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது.

புரட்டாசி வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. பஸ்ஸிலிருந்து இருபது பேர் இறங்கினார்கள். ஆளுக்கொரு துணிப்பை. அதில் தொப்பி, பென்சில், கேள்விகள் அச்சடித்த தாள், நான் கனவு கண்ட பூதக்கண்ணாடி. எங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். பை பின்னால் வரும் என்று நினைத்து நானும் காத்திருந்தேன். வரவில்லை.

ஒருங்கிணைப்பாளர் எங்களைக் காட்டி, "கொடுத்துவெச்சவங்க, இயற்கையோட ஒன்றி வாழ்றவங்க. இவங்களுக்கு எல்லாமே தெரியும். இன்னைக்கு இவங்கதான் உங்களுக்கு டீச்சர்ஸ்!" என்றார். அந்த இருபது பேரும் கைதட்டினார்கள். எனக்கும் ஒரு நிமிடம் உச்சி குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த நிமிடமே, "எட்டு பேரும் இறங்குங்க, நட்டுக் காட்டுங்க" என்றார்.

ஏழு பேர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான் வரப்பிலேயே நின்றேன்.

"நீ இறங்கலையாம்மா?"

"எனக்கு நடத் தெரியாது சார்."

அவர் சிரித்தார். "உங்கம்மா இன்னா வேலை பண்றாங்க?"

"நடவுக்குப் போறாங்க."

"அப்புறம் இன்னா, உனக்குத் தெரியாமயா இருக்கும்?"

"உங்கப்பா இன்னா வேலை சார்?"

"வக்கீல்."

"அப்போ நீங்க ஒரு கேஸ் வாதாடிக் காட்டுங்க சார்."

டவுன் பையன் ஒருவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். எங்கள் டீச்சர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். "வாய்க்கொழுப்பாடி உனக்கு? இறங்குறதுன்னா இறங்கு, இல்லனா இப்பவே வூட்டுக்குக் கிளம்பு. இனிமே எந்த முகாமுக்கும் உன் பேரு வராது."

"நான் படிக்க வந்தேன் டீச்சர். எனக்கும் அந்தப் பை வேணும்."

"அது லிஸ்ட்ல இருக்கற ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்தாம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் கையிலிருந்த அட்டையில் இருபது பெயர்கள் வரிசையாக இருந்தன. எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டேன். அழுதால் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் வயலில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. இறங்கிய ஏழு பேருக்கும் என்னைப் போலவே ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் முக்கால்வாசி நிலத்துக்கு மிஷின் வந்துவிட்டது. பிள்ளைகளை யார் நடவுக்கு அனுப்புகிறார்கள்? அவர்கள் குத்திய நாற்றெல்லாம் சாய்ந்து தண்ணீரில் மிதந்தது. நிலத்துக்காரர் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிங்களா, மேல மேல வெச்சா நிக்குமாடா அது?"

அப்போது ஒரு டவுன் பெண், தாளும் பென்சிலுமாக, வயலில் நின்ற என் தோழியிடம் வந்தாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் கேட்டாள். "அக்கா, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வயல்ல வேலை செய்வீங்க?" அவள் தாளில் அச்சடித்திருந்த கேள்வி: நீங்கள் இன்று சந்தித்த ஒரு விவசாயியைப் பற்றி எழுதுக.

என் தோழி சேற்றுக் கையோடு அவளையே பார்த்தாள். "நானும் நைன்த்துதான்" என்றாள். பிறகு வரப்பேறி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச பயமும் போய்விட்டது. ஒருங்கிணைப்பாளர் நிலத்துக்காரரைச் சமாதானப்படுத்தப் போயிருந்தார். அட்டையும் பேனாவும் மரத்தடி ஸ்டூலில் கிடந்தன. நான் போய் எடுத்தேன். இருபதாவது பெயருக்குக் கீழே இருபத்தொன்று என்று போட்டு என் பெயரை எழுதினேன், இனிஷியலோடு. பேனாவைத் தோழியிடம் கொடுத்தேன். அவள் எழுதினாள். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராகக் கரையேறி வந்தார்கள். கை கழுவக்கூட யாருக்கும் தோன்றவில்லை. தாள் முழுக்கச் சேறு, ஆனால் எட்டுப் பெயரும் தெளிவாகத் தெரிந்தன.

"ஏய், அத யாரு தொடச் சொன்னது?" என்று டீச்சர் கத்தினார். ஒருங்கிணைப்பாளர் திரும்பி வந்து தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. பாவம், எங்களை அவமானப்படுத்த வேண்டும் என்று வந்தவர் இல்லை அவர். அதற்காக நான் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை.

"இப்ப லிஸ்ட்ல இருக்கோம் சார். பூதக்கண்ணாடி குடுங்க."

கையை நீட்டினேன். அவர் கொடுக்கும்வரை மடக்கவில்லை.