சுவருக்கு வராத சூரியன்

யாரோடு பேசினாலும் சித்தி அவர்களுடைய காதைத்தான் பார்ப்பார். பால்காரரிடம் வம்பளக்கும்போதும் சரி, என் அம்மாவோடு சண்டை போடும்போதும் சரி, பார்வை காதோரம்தான் நிற்கும். சின்ன வயதில், என் காதில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நான் அடிக்கடி துடைத்துக்கொள்வேன். அம்மாவுக்கு மட்டும் அது பொறுக்காது. “மூஞ்சியைப் பார்த்துப் பேசுடி!” என்று சண்டையின் நடுவே கத்துவார்.

“பார்த்தா உன் மூக்கு காணாம போயிடுதேக்கா, நான் என்ன பண்ண?”

அது வேடிக்கைப் பேச்சில்லை. சித்திக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு கிரகண நாளன்று, யார் அதிக நேரம் சூரியனைப் பார்ப்பது என்று தெருப் பிள்ளைகளோடு பந்தயம். “நான்தான் ஜெயிச்சேன்” என்பார் சித்தி. அன்றிலிருந்து எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு மங்கல் பொட்டு. ஓரத்தைப் பார்த்தால்தான் நடு தெரியும். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, மழலையர் வகுப்பில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் சொல்லிக்கொடுப்பது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் காலையில் சித்தியின் வகுப்புக்குப் போய்க் காகித நட்சத்திரம் வெட்டிக் கொடுக்கிறேன். சித்தி ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சைச் சூரியனாக்குவார். கொழுகொழுவென்று ஒருவன் பூமி. ஒல்லியாக ஒருத்தி நிலா.

“பூமி, மெதுவா சுத்து. நிலா, நீ அவனை விட்டுத் தள்ளிப் போகாத.”

“டீச்சர், பூமி என் காலை மிதிக்குது!”

“டீச்சர், தலை சுத்துது. பூமி வாந்தி எடுக்கப் போகுது!”

வகுப்பே உருண்டு சிரிக்கும். சித்தியும் சிரிப்பார். ஆனால் டார்ச்சை மட்டும் பிள்ளைகளின் நெஞ்சுக்கு மேலே உயர்த்தவே மாட்டார். எங்கள் பூமிக்கு வயிற்றில் மட்டும்தான் பகல்.

போன மாதம் ஒருநாள், இடைவேளையில் முற்றத்தில் நாலைந்து பிள்ளைகள் அண்ணாந்து நின்றார்கள். “நான் பத்து எண்ணுற வரைக்கும் பார்ப்பேன்டா!” என்று ஒருவன் சவால் விட்டான். சித்தி ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது. எல்லோரையும் வாரிக்கொண்டு உள்ளே வந்தார். “சூரியன் கண்ணைத் தின்னுடும், தெரியுமா? டீச்சர் கண்ணுல ஒரு வாய் தின்னுடுச்சு” என்றார்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். வகுப்பிலேயே சின்னவள், சுண்டெலி என்று நாங்கள் கூப்பிடுகிறவள், மறக்கவில்லை. மறுநாள் அம்மாவின் துப்பட்டாவால் தலையை மூடி, கண்ணை இறுக்கிக்கொண்டு வந்தாள். அப்படியே நடந்து படியில் விழுந்தாள். தாடையில் தையல்.

அவளுடைய அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். “சூரியனைப் பத்திச் சொல்லுங்கன்னா பேய்க்கதையா சொல்லி அனுப்புறீங்க? ஜன்னலைத் திறந்தா கத்துறா டீச்சர். தெருவுல விளையாடவே வர மாட்டேங்குறா.”

சித்தி அவர் காதைப் பார்த்தபடியே நின்றார். “நான் வச்ச பயம்மா. நானே எடுத்துடுறேன்.”

வழியை நான் படித்துச் சொன்னேன். கைக்கண்ணாடியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, நடுவில் சின்னத் துளை. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தூரத்துச் சுவரில் சூரியன் வட்டமாக விழும். வானத்தைப் பார்க்கவே வேண்டாம், சுவரைப் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலறைச் சுவரில் அதை விழவைத்தேன். சித்தி அதன் ஓரத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு. இவ்ளோதானாடி இது?” என்றவர், உடனே என் பக்கம் திரும்பினார். “கண்ணாடியில இருந்து வர்ற வெளிச்சம் ஒரு பிள்ளை கண்ணுல பட்டா?”

“எல்லாரையும் சுவரைப் பார்த்து உட்கார வச்சுடலாம் சித்தி. எப்படிப் படும்?”

“திரும்பிப் பார்க்காதேன்னு சொல்லித் திரும்பாத பிள்ளையை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?”

கண்ணாடியையும் ஒளியையும் பற்றித் தேர்வில் கேட்டிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன். எனக்குத் தெரிந்தது படம் போட்டுப் பாகம் குறித்தது. அவருக்குத் தெரிந்தது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இதில் எது அறிவு, எது வெறும் பயம்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆனால் திங்கட்கிழமை சுண்டெலியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். “நாளைக்குச் சூரியனை நம்ம வகுப்புக்கே கூட்டிட்டு வரேன். சமர்த்தா சுவர்ல உட்கார்ந்திருக்கும்.”

“தின்னாதா?”

“தின்னாது.”

“சத்தியமா?”

நீட்டிய அந்தச் சின்னக் கையில் சித்தி அடித்துச் சத்தியம் செய்தார்.

மறுநாள் மேகம் என்றார். அதற்கடுத்த நாள் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றார். தினமும் துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும்: “வந்துடுச்சா டீச்சர்?” “வழியில இருக்குடா கண்ணு” என்பார்.

இன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, நான் வாசலோரம் நின்றேன். வெளியே முற்றத்தில் சித்தி, கண்ணாடியின் மேல் உள்ளங்கையைப் பொத்தியபடி. முன்வரிசையில் சுண்டெலி துப்பட்டாவைத் தானாகவே கழுத்துக்குத் தள்ளினாள். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வெறும் சுவரைப் பார்த்தாள்.

“சித்தி, கையை எடுங்க” என்றேன் மெதுவாக.

விரல்கள் லேசாக விலகின. அந்த நேரம் பார்த்துப் பூமி கழுத்தை முறுக்கித் திரும்பினான். “எங்க டீச்சர் சூரியன்?”

சித்தி கண்ணாடியை வயிற்றோடு அழுத்திக்கொண்டார். அப்படியே உள்ளே வந்து, சுண்டெலியின் முன்னால் மண்டியிட்டார்.

“வரலையா?”

“இன்னைக்கு இல்லடா.”

அவள் அசையவில்லை. கண்ணையும் மூடவில்லை. சித்திதான் அவள் காதைப் பார்த்துக்கொண்டே, கழுத்தில் கிடந்த துப்பட்டாவைத் தூக்கித் தலையில் போட்டு, நெற்றிக்குக் கீழே வரை இழுத்துவிட்டார்.