ஈரம் ஏறாத அறை

இத்தாலியின் பலெர்மோவில் தை மாதக் குளிர் தெருவில் இருக்காது, வீட்டுக்குள்தான் இருக்கும். வெளியே வெயில் காயும். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளவேண்டும். வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நான் வேலைக்கு நின்ற வீடும் அப்படித்தான். எட்டாத உயரத்தில் கூரை, தடித்த கல்லுச் சுவர், இறுகச் சாத்தாத மர யன்னல்கள். தனியே இருந்த வயதான வீட்டுக்கார அம்மாவை, சின்யோராவை, குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, இரவிலும் அங்கேயே படுத்தேன். "நீ எனக்கு மகள்" என்பார். பல வருடம் கேட்டால் எவருக்கும் நம்பிக்கை வந்துவிடும், எனக்கும் வந்தது.

என் அறை குசினிக்குப் பின்னால், உள்முற்றத்துப் பல்கனியைப் பார்த்தபடி இருந்தது. ஒரு கட்டில், சின்ன அலுமாரி, சுவரில் அடித்த தட்டில் பிள்ளையாரும் முருகனும் அம்மனும். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த கடதாசிப் படங்கள். இந்த ஊரில் என்னுடையது என்று சொல்ல எனக்கு இருந்தது அந்த அறை மட்டும்தான்.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் பாய்லர் செத்துப்போனது. நகரின் பொலிதேயாமா பக்கம் குடியிருக்கும் சின்யோராவின் மகன், இனிக் கேஸ் வேண்டாம், ஹீட் பம்ப் போடுவோம் என்றார். வெளிக்காற்றில் கிடக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் தள்ளும் மெஷினாம். குளிர் காற்றில் ஏது சூடு என்று சின்யோரா சிரித்தார். இந்தக் கிழட்டு வீட்டுக்கு அது சரிவருமா என்று பார்க்க ஒரு டெக்னீசியன் வந்தார்.

நல்ல மனிதர்தான், மறைக்காமல் சொன்னார். பாய்லர் அளவுக்குக் கொதிக்கும் தண்ணீரை இது தராது. இளஞ்சூட்டில் நாள் முழுக்க ஓடவேண்டும். யன்னலைத் திருத்தாமல் போட்டால் சல்லடையில் தண்ணீர் அள்ளுகிற வேலை. அறைகளில் நிற்கும், சுடுதண்ணீர் ஓடும் பழைய இரும்பு ரேடியேட்டர்கள் பெரியவை, அவை போதும். பழங்காலக் கட்டடம் என்று தெருப்பக்கச் சுவரில் எதையும் மாட்ட விடமாட்டார்கள், ஆகவே வெளி மெஷினை உள்முற்றத்தில்தான் வைக்கவேண்டும். அதற்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி நிற்க ஈரமில்லாத இடம் ஒன்றும் தேவை.

எந்த யன்னலால் காற்று வருகிறது, எந்தச் சுவர் கறுக்கிறது என்று கேட்டபோது மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்கள். மாரி தவறாமல் அந்தப் பூஞ்சணத்தைத் தேய்த்துக் கழுவியவள் நான்தானே. அந்த வீட்டில் முதல் தடவையாக என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள் என்ற சந்தோஷப் புளுகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஈரமே ஏறாத சுவர் உண்டா என்று டெக்னீசியன் கேட்டார். கையோடு என் அறைக்குக் கூட்டிப்போய், பிள்ளையாரைத் தட்டிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். இத்தனை வருடத்தில் ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லை, பாருங்கள் என்றேன்.

தவளை தன் வாயால் கெடும். நான் சாமிப்படத்தைக் காட்டிக் கெட்டேன்.

அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பல்கனியை எட்டிப் பார்த்தார், பிறகு மகனைக் கூப்பிட்டார். வீட்டுக்கு இது சரிவரும், தொட்டியை இந்த ரிப்போஸ்தீல்யோவில் வைக்கலாம் என்றார். ரிப்போஸ்தீல்யோ என்றால் சாமான் போட்டுவைக்கிற அறை. அதைச் சொன்னபோது அவருடைய முழங்கால் என் கட்டிலில் முட்டிக்கொண்டிருந்தது. மகன் திருத்துவார் என்று நினைத்தேன். அவரோ தாயைத் திரும்பிப் பார்த்தார். சின்யோரா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெஷின் சத்தம் போடுமா, எனக்கு நித்திரை வருமா என்று மட்டும் கேட்டார்.

"சின்யோரா, அது என் அறை" என்றேன்.

"மகளே, அது எப்போதும் ரிப்போஸ்தீல்யோதானே. உனக்காக ஒழித்துத் தந்தோம்" என்றார். கோபமில்லாமல், அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்த அக்காவுக்குப் போன் அடித்தேன். "அங்கை உனக்கு அறை இருக்கெண்டு ஆர் சொன்னது? படுக்க விட்டவை, அவ்வளவுதான்" என்றா. பிறகு குரல் இறங்கி, "இஞ்சை வா, ஹோலிலை ஒரு கட்டில் போடுவம்" என்றா. உண்மையைச் சொன்னதற்காக அவவிலும் எனக்குக் கோபம் வந்தது.

வீடு முழுக்க ஈரம் இருந்தது, இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இல்லை.

சாமிப்படங்களைச் சேலையில் சுற்றிக்கொண்டு பிரான்காச்சோவில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். இரவுக்கு உதவி கூப்பிட, மகன் ஒரு பட்டனைச் சின்யோராவின் கழுத்தில் மாட்டிவிட்டார். நான் பகல் வேலைக்கு பஸ்ஸில் வந்து போகிறேன். பொய் சொல்லக்கூடாது, வீடு நன்றாகச் சூடாகிவிட்டது. வருகிறவர்களிடம் சின்யோரா அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். அக்காவின் வீட்டில் ஹீட்டர் இல்லை. பிள்ளையாரின் முதுகில் இந்த மாரியோடு கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.

போன கிழமை நல்ல குளிர். பஸ்ஸால் இறங்கி நேரே போய்ச் சின்யோராவைத் தூக்கி இருத்தக் கையைக் கொடுத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கை குளிர்கிறது. முதலில் சூடாக்கிக்கொண்டு வா."

குசினிக்குப் பின்னால் போனேன். கட்டில் கிடந்த இடத்தில் தொட்டி நிற்கிறது. தட்டு அடித்த ஆணிகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. தொட்டியிலிருந்து வரும் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு ஏறியதும் திரும்பி வந்து அவரைத் தூக்கி இருத்தினேன்.

"இப்போது சரி, மகளே" என்றார்.