கப்பலுக்கு ஏழு மணி, மலைக்கு ஒன்பது மைல்

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் ஊரைக் காட்டுவது சுலபம். காட்டியவர்களைத் திரும்ப எண்ணி பஸ்ஸில் ஏற்றுவதுதான் தொழில். பெண் பார்க்கப் போன உறவுக்கூட்டத்தை வேனில் அடைத்தவர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் கூட்டிப்போன வாத்தியார்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதி.

ப்ளஸ் டூ அரைப் பரீட்சை லீவில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் நிற்கும் சுற்றுலாக் கப்பலிலிருந்து நாற்பது வெள்ளைக்காரர்கள் விடிவதற்கு முன்பே பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வருவார்கள். மூன்றரை மணி நேரம் பார்ப்பார்கள், போவார்கள். ராத்திரி ஏழுக்குக் கப்பல் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. மெட்ராஸ் கைடு ராமபத்ரன் சாருக்கு நான் உள்ளூர் உதவி. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் யார் குரலும் வரும். ராமபத்ரன் சார் குரல் ரெண்டே நிமிஷத்தில் வந்துவிட்டது: தொண்டையை இரண்டு முறை செருமி, மூக்கால் ஒரு ‘கைண்ட்லி’ போட்டால் முடிந்தது.

கடலைக் காணோம்

பஸ் வந்து நின்றதும் முதலில் இறங்கியவர் வில்லியம் தாத்தா. அரை டிராயர், ஓலைத் தொப்பி, தோளில் பட்டை போட்ட பெரிய துண்டு. மலையைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், மாட்டு வண்டியைப் பார்த்தார். “கடல் எந்தப் பக்கம்?” என்றார். வழியில் புயல் என்பதால், நிற்க வேண்டிய தீவில் நிற்காமல் கப்பல் நேராக மெட்ராஸ் வந்துவிட்டதாம். கப்பலில் அதை அறிவித்தபோது தாத்தா தூங்கிக்கொண்டிருந்தாராம். கையிலிருந்த அட்டையில் செவ்வாய்க்கிழமைக்கு நேராகத் தென்னை மரமும் மணலும் போட்டிருந்தது. நானும் அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அரை டிராயரோடு கோயிலுக்குள் விட மாட்டார்களே என்று, கடலுக்குக் கொண்டுவந்த துண்டையே அவர் இடுப்பில் வேட்டியாகச் சுற்றிவிட்டேன். வாசல் காவலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாப்பது பேர்ல இவரு ஒருத்தருதான் முறையா வந்திருக்காரு.”

நான்கு கோபுரம், நாற்பது ஜோடி

செருப்பையெல்லாம் கிழக்குக் கோபுரத்தில் முனியம்மா அக்காவிடம் விட்டோம். செருப்பு பார்த்துக்கொள்வது அவள் வேலை. உள்ளே போன கூட்டம் தெற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்து, கல்லில் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நின்றது. நான்கு பக்கமும் கோபுரம், அவர்களுக்கு நான்கும் ஒன்று.

நான் சாமர்த்தியமாக ஒரு சாக்கில் செருப்புகளை அள்ளிக்கொண்டு வெளிவீதி வழியாகத் தெற்கே ஓடினேன். அதற்குள் ராமபத்ரன் சார் சாமர்த்தியமாக அவர்களை உள்வழியாகக் கிழக்கே கூட்டிப்போய்விட்டார். நான் திரும்பி ஓடினேன். அவர்கள் மறுபடி தெற்கே. மூன்றாவது நடையில் முனியம்மா அக்கா சாக்கைப் பிடுங்கிக் கீழே போட்டாள். “காலும் அவங்களுது, செருப்பும் அவங்களுது. நடுவுல நீ இன்னாத்துக்குடா ஓடற?”

வழி கேட்ட அம்மா

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் மார்த்தா அம்மா என் சட்டையைப் பிடித்தார். அறுபது வயது, ஒல்லி, நீலத் தொப்பி. தெருவில் ஒரு கூட்டம் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தது. பௌர்ணமிக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து மலை சுற்றுகிறவர்கள். “இவர்களெல்லாம் எங்கே போகிறார்கள்? நானும் போகலாமா?” என்றார்.

பாதி முகத்தை மறைத்த சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு தொண்டையை இரண்டு முறை செருமினேன். ராமபத்ரன் சார் குரலில் சொன்னேன்: “கைண்ட்லி அவங்க பின்னாடியே போங்க மேடம், சுத்தி இங்கயே வந்துடுவீங்க.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. சுற்றினால் இங்கேதான் வரும். ஒன்பது மைல் என்பதை மட்டும் சொல்லவில்லை. பத்து அடி போய்த் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, சந்தோஷமாகக் கையாட்டினார். “ரொம்ப நல்லது, எனக்கு வழி தவறிப்போகுமோ என்றுதான் பயம்!”

நாற்பதாவது தலை

பன்னிரண்டரைக்கு எல்லாரும் பஸ்ஸில். வில்லியம் தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஓலைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கடைசி சீட்டில் வெள்ளைக்காரன் மாதிரி முகத்தைத் தூக்கி உட்கார்ந்தேன். சும்மா விளையாட்டுக்கு. ராமபத்ரன் சார் தலைகளை எண்ணினார். “நாப்பது. சரியா இருக்கு. போலாம் ரைட்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. நான் ஒரு தலை என்றால், நாற்பதில் ஒரு தலை எங்கே?

பஸ் நகரும்போது முனியம்மா அக்கா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். கையில் ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் செருப்பு. தொப்பியைக் கழற்றினேன். எல்லாவற்றையும் என் சொந்தக் குரலில் சொன்னேன். அன்றைக்கு அந்தக் குரலை அப்போதுதான் எடுத்தேன். ராமபத்ரன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். “மெட்ராஸுக்கு அஞ்சு மணி நேரம். ஒண்ணே முக்காலுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் அந்த அம்மாவுக்குக் கப்பல் இல்ல, எனக்கு வேலை இல்ல, உனக்குத் தோல் இல்ல.”

வலம்

மார்த்தா அம்மா கிளம்பி மூன்று மணி நேரம் ஆகிறது. அப்படியானால் அடி அண்ணாமலையைத் தாண்டி வடக்குப் பக்கம் இருப்பார். எதிர்ப்பக்கமாகப் போனால் பத்து நிமிஷத்தில் பிடித்துவிடலாம். டிரைவர் காதர் பாய் இன்ஜினை அணைத்துவிட்டார். “நான் இந்த ஊர்ல பொறந்தவன் சார். சைக்கிள் கத்துக்கும்போதுகூட மலையை இடமா சுத்தினது கெடயாது. வலமாதான் போவும் வண்டி.”

செங்கம் ரோடு, ஆசிரமம், அடி அண்ணாமலை என்று சுற்றிக்கொண்டு போனோம். ஒரு மைல் மிச்சம் இருந்த இடத்தில் நீலத் தொப்பி தெரிந்தது. கீழ்பென்னாத்தூர் பெண்களுக்கு நடுவில், வேர்க்கடலை தின்றுகொண்டு, கால் முழுக்கப் புழுதியோடு. ராமபத்ரன் சார் கும்பிட்டார், கெஞ்சினார். அவர் ஏறவில்லை. பாதியில் விடக் கூடாது என்று அந்தப் பெண்கள் கையாலேயே புரியவைத்திருந்தார்கள். “நீங்கள்தானே சொன்னீர்கள், சுற்றி அங்கேயே வந்துவிடும் என்று?” சாரின் ‘கைண்ட்லி’யைக் கேட்டு, வழி சொன்னவர் அவர்தான் என்று நினைத்துவிட்டார். ராமபத்ரன் சார் என்னை முறைத்தார். உதவிக்குக் காதர் பாயைப் பார்த்தார். பாய் கதவைச் சாத்தினார்: “மீதிய நடக்கட்டும் சார். நடுவுல ஏத்தின பாவம் எனக்கு வேணாம்.”

சங்கு

ஒன்று பதினைந்து. பஸ் அவர் பின்னால் ஊர்ந்தது. கூட்டத்தைக் கூப்பிட ராமபத்ரன் சார் வைத்திருந்த தகர ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு வில்லியம் தாத்தாவை எழுப்பினேன். “கப்பல் கிளம்பும்போது எப்படிக் கத்தும்?” தாத்தா அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டுக் காட்டினார். நான் கடலையே பார்த்ததில்லை. ஆனால் ஜன்னலில் தலையை நீட்டி நான் விட்ட சங்குக்கு மார்த்தா அம்மா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். அப்புறம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப்போட்டார். கீழ்பென்னாத்தூரே சிரித்துக்கொண்டு கூட ஓடியது. ஐந்து முறை சங்கு. கோபுர வாசலுக்கு வந்தபோது ஒன்று நாற்பது. சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தாவிப் பஸ்ஸில் ஏறினார்.

நான் இறங்கிக்கொண்டேன். பஸ் மறைந்த பிறகுதான் என் கையில் அந்த வெள்ளைச் செருப்பு இருப்பதைப் பார்த்தேன். அடுத்த வாரம் காதர் பாய் வந்து, கப்பலின் ஏணியை எடுக்கப்போகும் நேரத்தில் அந்த அம்மா வெறுங்காலோடு ஏறிவிட்டதாகச் சொன்னார். முனியம்மா அக்கா செருப்பைத் தட்டித் துடைத்துப் பலகைக்குக் கீழே வைத்தாள். “இருக்கட்டும். சுத்தி இங்கயேதான வரணும்.”

நாற்பது பேரும் ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஒரு ஜோடி மட்டும்தான் இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாமல் இன்னும் முழித்துக்கொண்டு கிடக்கிறது.