பத்திநாதன் மச்சானும் பீலித் தண்ணீரும்

என் அக்கா ஜோசப்பினைக் கட்டியவர் பத்திநாதன். ஹட்டன் பஸாரில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் பயம். ஆள் ஒன்றும் பெரிய உருவமில்லை. நான் தையல்காரன், சொல்கிறேன், அவருக்குக் கால்சட்டை தைத்தால் இடுப்பை இரண்டு தரம் பிடிக்க வேண்டிவரும். ஆனால் வாயைத் திறந்தால் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தோனியார் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர், தன் காரின் மட்கார்டில் யாரோ குடை நுனியால் கீறியிருப்பதைப் பார்த்துவிட்டார். அன்று அவர் பேசிய பேச்சில், அதற்கு முந்தின நாள் சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனம் அத்தனையும் வீண் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் மச்சான். சின்ன வயதில் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் காரைக் கழுவும் வேலைக்குப் போய், கழுவிக் கழுவியே ஓட்டவும் பழுது பார்க்கவும் பழகிக்கொண்டார். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் தொரை மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது, அந்தக் கறுப்பு ஒஸ்டின் காரை மச்சானே வாங்கிக்கொண்டார். அக்காவின் காப்பும் அதோடு போயிற்று. அப்போதே அது கிழட்டு வண்டிதான். இருந்தாலும் லயத்துப் பிள்ளை ஒருவன் சொந்தக் காரோடு ஹட்டனில் வாடகைக்கு நிற்பது லேசான காரியமா? இனிமேல் எவன் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று அடிக்கடி சொல்வார். அவருடைய மானம், மரியாதை, வீட்டு அரிசி எல்லாம் அந்தக் காரில்தான் இருந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம். மஸ்கெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைத்த உடுப்புகளைக் கொடுத்துவிட்டு நானும் மச்சானும் ஹட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நோர்வூட்டைத் தாண்டி ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் காற்றாடியைச் சுற்றும் பேன் பெல்ட் அறுந்தது. மச்சான் ஒரு வளைவில் ஓரங்கட்டுவதற்குள் கார் கொதித்து, முன்பக்கமெல்லாம் ஒரே ஆவி. பொனட்டைத் திறந்துவிட்டார். வேறு பெல்ட் டிக்கியில் இருந்தது.

“ஒண்ணையும் தொடாத. அது பாட்டுக்கு ஆறட்டும். ஆறின பொறகு மாட்டிக்குவோம்” என்றார்.

கொஞ்சம் கீழே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. போய் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம். மச்சான் நல்ல மனநிலையில் இருந்தார். கடைக்காரரோடு சேர்ந்து என் தையலைக்கூடக் கிண்டல் பண்ணினார்.

திரும்பி வந்தபோது கார் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வளைவுக்குக் கீழே இருக்கும் லயத்துக்காரி, தேயிலைக் கொழுந்து எடுப்பவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில் கார் புகைவதைப் பார்த்திருக்கிறாள். ரோட்டோரம் பாறையிலிருந்து பீலி விழுந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து வருகிற தண்ணீர். மாசி மாதத்தில் அதில் கை வைத்தால் எலும்புக்குள் குத்தும். அதில் வாளி வாளியாகப் பிடித்து ரேடியேட்டருக்குள் ஒன்று, எஞ்சின் மேல் ஒன்று என்று ஊற்றி முடித்திருந்தாள்.

“கொதிப்பு அடங்கிருச்சுங்க. பாவம், எப்படித் தவிச்சுக்கிட்டு நின்னுச்சு தெரியுமா?” என்றாள்.

மச்சானின் முகம் போன போக்கைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். வாயைத் திறந்துவிட்டார். மட்கார்டில் ஒரு கீறலுக்கே ஊரைக் கூட்டிய மனுஷன், இப்போது சும்மா விடுவாரா? ஆனால் அவர் கண் அவள் வலது கையில் போய் நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது ஆவி அடித்திருக்கிறது. விரல்களிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து, கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைக்கப் பார்த்தாள்.

கொழுந்து எடுப்பவளுக்குக் கைதானே எல்லாம்? மச்சான் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

“ஒம் பேரு என்னாம்மா?” என்று கேட்டார்.

“அழகம்மைங்க.”

“மொதல்ல தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போயி மருந்து போடு. கார் நல்லாத்தான் இருக்கு. புண்ணியமாப் போச்சு.”

அவள் சந்தோஷமாகக் கீழே இறங்கிப் போனாள். மச்சான் பெல்ட்டை மாட்டி ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் திக்கித் திக்கி எழும்பியது. பின்னால் வெள்ளைப் புகை. வழியில் ஐந்தாறு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் விட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஹட்டன் வந்து சேர்ந்தோம். வழி நெடுக அவர் குனிந்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வீட்டு முற்றத்தில் காரைப் பிரித்தார். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் பார்த்தார். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

“எண்ணெயில தண்ணி கலந்திருக்கு. கெஸ்கெட் போயிருந்தா பரவாயில்ல, மாத்திப்புடலாம்” என்றார்.

மேல்மூடியைக் கழற்றினார். அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் கெஸ்கெட் தகட்டில் பெரிதாக ஒரு குறையும் இல்லை. குறை இல்லையே என்று நான் சந்தோஷப்பட்டேன். அதைப் பார்த்துத்தான் அவர் முகம் வெளிறியது; அப்படியென்றால் குறை இரும்பிலேயே இருக்க வேண்டும். அடியில் எஞ்சினின் இரும்பு உடலான பிளொக்கை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவினார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி காயத் துடைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, “ஒன் சோக்கட்டியக் குடு” என்றார். துணியில் கோடு போடும் வெள்ளைச் சோக்கட்டியைப் பொடி பண்ணி அங்கே பூசிவிட்டுக் காத்திருந்தார்.

வெள்ளைப் பொடியின் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மெதுவாக எழும்பி வந்தது. வெடிப்புக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிகிறது. தலைமயிர் அளவுதான் அந்தக் கோடு.

“பிளொக் வெடிச்சிருச்சு” என்றார் மச்சான்.

எனக்குப் புரிந்துவிட்டது. வெறும் கொதிப்பில் அப்படி வெடிக்காது. தீயாய்க் கொதித்த இரும்பில் ஐஸ் மாதிரித் தண்ணீர் பட்டால்தான் அப்படி வெடிக்கும்.

“எப்படி வெடிச்சிச்சு?” என்று அக்கா கேட்டாள்.

“பழைய காரு. வயசாயிருச்சு” என்று சொல்லிவிட்டு என்னை ஒரு முறை முறைத்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வெடிப்பை ஒட்டவைக்க ஹட்டனில் ஆளில்லை. கண்டி வரைக்கும் போய்க் கேட்டும் நடக்கவில்லை. ஒஸ்டின் முற்றத்தில் ஒரு கித்தானுக்கு அடியில் கிடந்தது. மச்சான் பஸாரில் பலசரக்கு முதலாளி ஒருவரின் லொறிக்குச் சம்பளத்துக்கு டிரைவராகப் போனார். “வண்டியை எடு” என்றால் எடுக்கவும், “நிறுத்து” என்றால் நிறுத்தவும், சாமான் இறங்கும்வரை ஓரமாகக் கைகட்டி நிற்கவும் பழகினார். என் கடை வாசலிலிருந்து பார்த்தால் அது தெரியும். நான் தலையைக் குனிந்து மெஷினை மிதிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து என் கடையில்தான் வந்து உட்காருவார். கார் பழுதான அந்த மாதமே ஒரு ஞாயிறு, பஸாருக்கு வந்த அழகம்மை எங்களை விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கையில் துணி சுற்றியிருந்தது. ஒரு கையால் கொழுந்து எடுத்து எவ்வளவு சேரும்? பாதி நாள் சம்பளம்தான் போடுகிறார்களாம். அதைப் பற்றி ஒரு பேச்சோடு நிறுத்திக்கொண்டு, “காருக்கு இப்ப எப்படிங்க இருக்கு?” என்று கேட்டாள், சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்பது போல.

“தேறிக்கிட்டு வருதும்மா” என்றார் மச்சான்.

அதற்குப் பிறகு பஸாருக்கு வரும்போதெல்லாம் வந்து கேட்பாள். ஒருநாள் மடியில் பூசணிப் பிஞ்சு கொண்டுவந்தாள். இன்னொரு நாள், “மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தயில காருக்கும் சேத்துக் கும்புட்டேங்க” என்றாள். அந்தோனியாரைத் தவிர வேறு யாரிடமும் கை நீட்டாத மச்சான், “நல்லதும்மா” என்று சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

அவள் போனதும் கேட்டேன். “இன்னும் எத்தன நாளைக்கு இந்த நாடகம்? சொல்லித் தொலைங்க மச்சான்.”

“சொன்னா என்னாடா ஆகும்? வெடிச்ச பிளொக் ஒட்டிக்குமா? கை வெந்தது போதாதுன்னு மனசும் வேகணுமா அந்தப் பொம்பளைக்கு?”

இத்தனை காலமாக இந்த மனுஷனை வெறும் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த அன்பு, சொந்த அண்ணன் மேல்கூட வந்ததில்லை.

ஆனி மாதம் பிறந்து ஒரு ஞாயிறு. அழகம்மை சிரித்த முகத்தோடு வந்தாள். கை ஆறி, தோல் மட்டும் பளபளவென்று இருந்தது.

“போன வெள்ளிக்கெழம எங்க வளைவுல பாண் வேன் செல்லசாமி அண்ணன் வேன் கொதிச்சு நின்னுச்சுங்க. அவரு ஆளு தேடிப் போயிருந்தாரு. விடுவமா? எங்க லயத்துல அதுக்குன்னே இப்ப வாளியெல்லாம் எடுத்து வச்சிருக்கோம். நாலு பேரு சேந்து ஊத்துனோம். ஒங்க காருக்கு ஊத்துன மாதிரியே மேலயும் உள்ளயும் நல்லா ஊத்தி ஆத்திப்புட்டோம்.”

மச்சான் உட்கார்ந்த இடத்திலேயே இறுகிப்போனார். தோட்டம் தோட்டமாகப் பாண் ரொட்டி விற்கும் செல்லசாமி இரண்டு நாளாக வரவில்லை என்று அன்று காலைதான் பஸாரில் பேசிக்கொண்டார்கள். நாலு பிள்ளைக்காரன். அந்தப் பழைய வேன்தான் அவனுக்குப் பிழைப்பு.

“ஒக்காரும்மா” என்றார் மச்சான். குரல் எழும்பவேயில்லை. “கொதிச்ச வண்டி மேல பச்சத் தண்ணி ஊத்தக் கூடாதும்மா. சும்மா விட்டு ஆறவிடணும். ஊத்துனா உள்ள இரும்பு வெடிச்சிரும்.”

அழகம்மை சிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்ப ஒங்க காரு?”

மச்சான் தரையைப் பார்த்தார்.

“தேறிக்கிட்டு வருதுன்னீங்களே.”

“அது தேறாதும்மா. அன்னைக்கே போயிருச்சு.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபப்பட்டாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“நாலு மாசமா வாரேன். வந்து வந்து கேக்குறேன். அன்னைக்கே ரெண்டு திட்டுத் திட்டி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தப் பாண்கார அண்ணன் வேனுக்குப் போயி ஊத்தியிருப்பனா? என்னையக் கொழந்தப்புள்ளைன்னு நெனச்சுட்டீங்களா?”

அவள் கேட்டது முழுக்க நியாயம். அது எங்கள் இருவர் புத்தியிலும் அதுவரை ஏறவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மச்சான் எழுந்து, “நோர்வூட்டுக்குப் போவோம், வாங்க” என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

செல்லசாமியின் வேன் அவன் வீட்டு வாசலில் நின்றது. இந்தத் தடவை கழற்றிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மச்சான் ஒரு செம்புத் தண்ணீரை ரேடியேட்டரில் விட்டார். பிளொக்கின் பக்கவாட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. விட்ட தண்ணீர் அதன் வழியாகக் கண்ணீர் மாதிரி வடிந்தது.

வேன் எதனால் போனதென்று செல்லசாமிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “எந்தப் பாவிங்க செஞ்ச வேலையோ, நான் திரும்பி வாரப்ப எஞ்சினெல்லாம் ஒரே தண்ணியா இருந்திச்சு” என்று பல்லைக் கடித்தான். “யாருன்னு மட்டும் தெரியட்டும்.”

மச்சான் அழகம்மைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். “என்னையத் திட்டு செல்லசாமி. இது என்னால வந்தது. அந்தத் தண்ணிய ஊத்துனது நானுன்னே வச்சுக்க.”

“அவரு ஊத்தலைங்க” என்று அழகம்மை அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “நான்தான் ஊத்துனேன். ஒங்களுக்கு நல்லது செய்யிறதா நெனச்சு ஊத்துனேன். இவரு காரும் என்னாலதான் போச்சு.” பிறகு மச்சானைத் திரும்பிப் பார்த்தாள். “நான் செஞ்சத நான் சொல்லிட்டேன். அத நீங்க எடுத்துக்காதீங்க. நீங்க சொல்லாம விட்டத நீங்க சொல்லுங்க.”

செல்லசாமி ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மச்சானின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எனக்குத் தெரிஞ்சிருந்திச்சு. சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சிருங்க” என்றார்.

அக்காகூட அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. வேன் செல்லசாமியுடையது. ஆனால் மச்சான் அதை அழகம்மையைப் பார்த்துத்தான் சொன்னார்.