கண்ணை மூடிக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து ஆயிரம் விளக்கு வரை

பதினோரு வருடமாக நான் தினமும் போய் வந்த வழி இது. காஞ்சிபுரத்தில் புறநகர் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, முன்பெல்லாம் பஸ், இப்போது மெட்ரோ பிடித்து, ஆயிரம் விளக்கில் தரைக்கு அடியிலிருந்து மேலே வந்தால் என் அலுவலகம். வேலைக்குப் போகிற வழியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று இதுவரை எழுதியதில்லை. போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை இதே வழியில் கண்ணை மூடிக்கொண்டு போனேன். அந்த ஒரு நாளைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

எனக்கு விழித்திரை நோய். இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணில் நடுவே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும், குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. நல்ல வெயிலில் அதுவும் வெளுத்துவிடும். "ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ. அதுக்குள்ள எல்லாத்தையும் பழகிக்குங்க" என்றார் டாக்டர். மருந்துக் கடைக்காரர்கள் ஃபோனில் சொல்லும் ஆர்டரைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்து அதைச் செய்துவிடலாம். மேனேஜருக்கு வேலையைப் பற்றிக் கவலையில்லை. "நீங்க தனியா வந்து போக முடியும்னா சீட் உங்களுக்குத்தான். வழியில ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அதனால்தான் இந்த ஒத்திகை. பழைய கறுப்புக் கண்ணாடி ஒன்றின் உள்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டேன். கையில் புதிதாக வாங்கிய வெள்ளைக் கோல். என் மனைவி வாணி பட்டுக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். அவளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒப்பந்தம் இதுதான்: அவள் பின்னாலேயே வர வேண்டும், தொடக் கூடாது, பேசக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தொடலாம். "அது எப்போன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றாள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையிலிருந்து ஆட்டோ. ஸ்டேஷனில் ஏறும்போது காலை ஆறரை இருக்கும். (நேரம் அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் முன் செயலியில் பாருங்கள்.) கிண்டி வரை எண்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டே கால் மணி நேரம். டிக்கெட் முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. அடையாள அட்டை வாங்கிய பிறகு நான் அதில் ஏறுவது அன்றுதான் முதல் முறை. காலையில் காஞ்சிபுரத்தில் ரயில் காலியாக இருக்கும், உட்கார இடம் கிடைக்கும். வாலாஜாபாத் வரை எனக்குப் பெருமையாகவே இருந்தது. எந்த ஸ்டேஷன் வருகிறது என்று வளைவையும் பிரேக்கையும் வைத்தே சொல்ல முடிந்தது.

செங்கல்பட்டில் கூட்டம் ஏறியது, தனிப் பெட்டியிலும்தான். தாம்பரம் தாண்டியதும் நிற்கவே இடமில்லை. பரங்கிமலை வந்ததும் எழுந்து வாசல் பக்கம் நகர ஆரம்பித்தேன். எனக்கும் வாணிக்கும் நடுவே நாலைந்து பேர் புகுந்துவிட்டார்கள். ஒப்பந்தப்படி அவள் குரல் கொடுக்கவில்லை.

கிண்டியில் நான் இறங்கவில்லை, இறக்கப்பட்டேன். பின்னாலிருந்து வந்த தள்ளலில் ஒரு கால் பிளாட்பாரத்தைத் தொட்டது. கோல் ரயில் படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இறங்கிவிட்டது. இழுத்தேன், வரவில்லை. பின்னால் வந்தவர் என் முதுகில் மோதினார், கோல் கையை விட்டுப் போனது. இரண்டு கையும் தரையில் பட விழுந்தேன். என்னைத் தாண்டிச் செருப்புகள் ஓடின. ரயில் கிளம்பியது. சக்கரத்துக்குக் கீழே எதுவோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. வாணி இறங்கவில்லை.

போதும் என்று கண்ணாடியைக் கழற்றினேன்.

அப்போது நடந்ததுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம். கழற்றியும் பெரிய வித்தியாசமில்லை. காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. வெள்ளையாக ஒரு புகை, அதற்குள் ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பையின் வார், யாரோ ஒருவரின் காது. பதினோரு வருடமாக ஏறி இறங்கிய படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. இனிமேல் வரப்போவதாக நினைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாபா, அடிபட்டுச்சா?" என்று ஒருவர் கேட்டார். படிக்கட்டு வேண்டும் என்றேன். முழங்கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு போய், "இதான், ஏறு" என்று விட்டுவிட்டு ஓடிவிட்டார். கையை நீட்டினால் கடையின் ஷட்டர். அவருக்கும் ரயில் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

வாணி ஃபோன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள். "சைதாப்பேட்டைல இறங்கிட்டேங்க. எறங்கவே வுடல. நீங்க அங்கியே நில்லுங்க, ரிட்டர்ன் ரயில் புடிச்சு வந்துடறேன்."

"வேணாம். நீ ஆட்டோ புடிச்சு ஆயிரம் விளக்கு மெட்ரோவுக்கு வந்துடு. நான் வந்துடறேன்."

"கோலு இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டேன். அரைகுறையாகத் தெரிவதைவிடத் தெரியாமலே இருப்பது மேல் என்று தோன்றியது. கூட்டம் போகும் சத்தத்தைப் பின்பற்றினேன். செருப்புச் சத்தம் ஓரிடத்தில் மேலே ஏறியது. அதுதான் படிக்கட்டு. நடை மேம்பாலத்திலிருந்தே மெட்ரோவுக்கு வழி இருக்கிறது. மெட்ரோவுக்குள் காலடியில் புடைப்பு வைத்த மஞ்சள் பாதை உண்டு, செருப்பு மெல்லியதாக இருந்தால் நன்றாகத் தெரியும். சோதனைக்கு நின்ற பெண் என் நிலையைப் பார்த்து, "அண்ணா, என் தோள்மேல கை வச்சுக்குங்க" என்று சொல்லி ரயில் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். இழுக்கவில்லை. அந்த வித்தியாசத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சின்னமலை தாண்டியதும் ரயில் பூமிக்குள் இறங்கும். காது லேசாக அடைக்கும், சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். ஆயிரம் விளக்கு வரை கால் மணி நேரம்தான். சுரங்க நிலையங்களில் தண்டவாளத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, ரயில் நின்றால்தான் கதவு திறக்கும். அங்கே யாரும் தண்டவாளத்தில் விழ முடியாது. இறங்கியதும் அந்தத் தடுப்பில் சாய்ந்து நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். கீழே வெயில் இல்லை, ஒரே சீரான வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் என் வட்டத்துக்குள் வாணி ஓடிவந்தாள். முகம் முழுதாகத் தெரிந்தது. என் வெறும் கையைப் பார்த்தாள்.

அலுவலகத்துக்குப் போய் மேனேஜரிடம் வந்துவிட்டேன் என்று சொன்னேன். கை குலுக்கினார். உள்ளங்கைக் காயத்தை அவர் பார்க்கவில்லை.

திரும்பும் பயணம் அதைவிட மோசம். காஞ்சிபுரத்துக்கு நேர் ரயில்கள் குறைவு. மாலை கிண்டியில் ஒன்று வந்தது, தனிப் பெட்டியின் வாசலிலேயே ஆட்கள் தொங்கினார்கள், ஏற முடியவில்லை. அடுத்து வந்த செங்கல்பட்டு ரயிலில் வாணி என்னை முன்னால் தள்ளி ஏற்றினாள். உட்கார்ந்திருந்த ஒருவரிடம் இடம் கேட்டேன். அதற்குள் ஃபோன் அடித்தது, எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

"ஃபோன்லாம் பாக்கிற. கோலும் இல்ல. இன்னா சார், டிராமாவா?"

அட்டையைக் காட்டினேன். "இது யார் வேணா வாங்கலாம்" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

"உனக்கு இன்னாய்யா கொறை? நீ எந்திரிச்சு காட்டு, பாப்போம்!" என்று வாணி கத்தினாள். கடையில் வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தாதவள். அவர் எழவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். "நீ உக்காருப்பா. நான் தாம்பரத்துல இறங்கிடுவேன்." அவருடைய ஊன்றுகோல் என் முழங்காலில் இடித்தது. நான் உட்கார்ந்தேன். தாம்பரம் வரை அவர் ஒற்றைக் காலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செங்கல்பட்டில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்: "சைதாப்பேட்டைல ரூம் எடுத்துக்கிறேன், வாணி. மெட்ரோ மட்டும்னா என்னால போய் வர முடியும். சனிக்கிழமை சாயங்காலம் நீ வந்து கூட்டிக்கினு போ."

அவள் என் உள்ளங்கைக் காயத்தைத் துடைத்தாள். பிறகு, "கண்ணு தெரியற வரைக்குமாவது வூட்ல இருக்கக் கூடாதா? பாப்பா மொகத்த எப்போ பாப்பீங்க?" என்றாள். எங்கள் மகளுக்கு ஏழு வயது. வாணியின் சம்பளத்தில் மட்டும் மூன்று பேர் வாழ முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இப்போது சைதாப்பேட்டையில் இரண்டு பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். வேலை இருக்கிறது.

இதே நிலையில் இதே வழியில் போக இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒத்திகை பார்க்க டாக்டர் சொல்லும் கெடு வரை காத்திருக்காதீர்கள். காலைப் பயணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், மாலையில் கிண்டியில் ஏறிப் பாருங்கள். கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். என் கோல் போனது, கை தப்பியது. பையில் இன்னொரு மடக்குக் கோல் இருக்கட்டும். உதவ வருபவரிடம் "உங்க தோளைப் பிடிச்சுக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள், இழுக்க மாட்டார்கள். வீட்டு ஆட்களைப் பின்னால் நடக்க வைக்காதீர்கள். அன்றைய கூட்டம் இன்னும் வாணியின் கனவில் வருகிறது.

வாரத்தில் ஒரு பகல்தான் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிறு மகள் ஓடிவந்து, "அப்பா, பல்லு வுழுந்துடுச்சு, பாரு" என்று வாயைத் திறந்து காட்டினாள். ஜன்னல் பக்கம் அவளைத் திருப்பிப் பார்த்தேன், விளக்கைப் போட்டும் பார்த்தேன். "எந்தப் பல்லு?" என்று கேட்டேன். அவள் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.