அரைக் கட்டை இறங்கினேன்

அடியார்களே, என் இடது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. தைப்பொங்கல் முடிந்த கிழமை காய்ச்சலில் படுத்தேன். காய்ச்சல் போனது, இரைச்சல் தங்கிவிட்டது. கண்டியில் காது வைத்தியரிடம் போனேன். "இதுக்கு மருந்து இல்லை, பழகிக்கொள்ளுங்கோ" என்றார். கச்சேரி பாடிப் பிழைக்கிறவளிடம் சொல்லும் பேச்சா இது?

முப்பது வருடமாக மேடையில் பாடுகிறேன். என் சுருதி ஆறு கட்டை. பெண்குரலுக்கு அது நல்ல உயரம். ஐம்பத்து நாலு வயதிலும் அதை இறக்காதவள் என்று எனக்கு ஒரு பெருமை. காதில் கேட்ட சத்தமோ அதற்கு அரைக் கட்டை கீழே. சுருதிப் பெட்டி ஒரு பக்கம் இழுத்தது, காது மறுபக்கம் இழுத்தது. பிலிமத்தலாவையில் ஒரு கோயிலில் பாடும்போது வயலின்காரர் இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். சுருதி விலகுகிறேன் என்று விளங்கிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

சுருதியை இறக்கியிருக்கலாமே என்பீர்கள். வயது போய்விட்டது என்று பேசுவார்களே! அந்தப் பயம் இரைச்சலை விடப் பெரிது. காதில் பஞ்சு வைத்தேன், எண்ணெய் விட்டேன். பேராதனைப் பூங்காவில் பாட்டை முணுமுணுத்தபடி நடப்பதையும் விட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாரிடம் ஒரே மன்றாட்டம்: "இந்தச் சத்தத்தை நிறுத்து." அவர் அசையவில்லை. நான் களைத்துப்போனேன்.

ஆவணியில் ஒரு வெள்ளி, மதியப் பூசைக்குப் போனேன். இனிப் பாடமாட்டேன், வரப்போகும் திருவிழாவில் ஒத்துக்கொண்ட கச்சேரியையும் விடுகிறேன் என்று பிள்ளையாரிடமும் ஐயரிடமும் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். சுருதிப் பெட்டியைக்கூட எடுத்துப் போகவில்லை. தீபம் காட்டும் நேரம் ஐயர் திரும்பி, "அக்கா, ஓதுறவர் இன்னும் வரேல்லை. ஒரு பதிகம் பாடுங்கோ" என்றார். மறுக்க வாய் வரவில்லை. சுருதி தேடவும் தெம்பில்லை. காதில் இரைந்ததையே பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

குரல் எங்கேயும் இடிக்கவில்லை. ஏழு மாதச் சண்டை நின்றுவிட்டது. கண்ணீர் தானாக வந்தது, துடைக்காமலே பாடி முடித்தேன்.

திரும்பினால் செல்வம் நிற்கிறார். பன்னிரண்டு வருடமாக எனக்கு மிருதங்கம் வாசிக்கும் புசல்லாவைக்காரர். முதல்நாள் அவரிடம் மட்டும் என் முடிவைச் சொல்லியிருந்தேன்; கச்சேரியை விட வேண்டாம் என்று கேட்க வந்தவர்.

"அக்கா, அஞ்சரைக் கட்டையில பாடுனீங்க. ஒரு எடத்துலயும் வெலகல."

"அஞ்சரையோ? சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்குக் கட்டையெல்லாம் தெரியாதுக்கா. நீங்க ஆறுல தொங்கிக்கிட்டு இருந்தது தான் தெரிஞ்சுச்சு."

கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சத்தத்தை எடு என்று பிள்ளையாரைக் கேட்டேன், அவர் என் வீம்பை எடுத்தார். அது போனபிறகுதான் எவ்வளவு பாரம் சுமந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

திருவிழாவில் அஞ்சரையிலேயே பாடினேன். செல்வம் மிருதங்கத்தின் சுருதியையும் அதற்கேற்பத் தட்டி இறக்கி வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் பாடியும் வயலின்காரர் ஒரு தரமும் திரும்பவில்லை.

இரைச்சல் இன்றும் இருக்கிறது. சில நாள் சலித்துப்போகிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் பாடுகிறேன். கேட்டது கேட்டபடி கிடைக்காமல் நீங்களும் களைத்திருந்தால், கோயிலுக்குப் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவரோடு கோபித்துக்கொண்டாவது போங்கள். பாட்டை விடுகிறேன் என்று சொல்லத்தான் நான் அன்று போனேன். சொல்ல மறந்து வீடு வந்துவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.