பாதி சீட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் பொன்னி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, இன்னைக்காவது வாங்களேன். ஒருத்தரும் உங்களப் பாக்க மாட்டாவ. என்னையத்தான் பாப்பாவ!"

கூட்டம் என்றால் எனக்கு வியர்த்துவிடும். உங்களுக்குத்தான் தெரியுமே! அவள் ஆடி ஒரு கபடி மேட்ச் கூட நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் போலீஸ் டிரெய்னிங். எங்கள் ஊர் டீமுக்கு இதுதான் அவளது கடைசி ஆட்டம். போகாமல் இருக்க முடியுமா?

கிளம்பினேன். குற்றாலத்தில் சீசன். தென்காசி பஸ் ஸ்டாண்டே ஈரத் துண்டோடு நின்றது. வடகரை மைதானம் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடியப் போகிற நேரம். கயிற்றைச் சுற்றிலும் ஆட்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்... ஒரு தென்னை மரத்தின் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

மெல்போர்ன் ஞாபகம் வந்தது. அங்கே இருக்கும் என் மகன் ஒருமுறை கிரிக்கெட் பார்க்கக் கூட்டிப் போயிருந்தான். டிக்கெட்டில் நம்பர், சீட்டில் அதே நம்பர். இடிப்பவர் இல்லை, ஏனென்று கேட்பவர் இல்லை. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அதுதானே சொர்க்கம்?

ஆனாலும் ஊர்ப் பழக்கம் விடுமா? படியில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா நின்றார். நான் சட்டென்று ஒடுங்கி, என் சீட்டில் பாதியைத் தட்டிக் காட்டி, "கம், கம்" என்றேன்.

மகன் பதறினான். "அப்பா! அவங்களுக்குத் தனி சீட் இருக்கு. சும்மா இருங்க!"

அந்த அம்மா சிரித்தார். நன்றி சொன்னார். இடைவேளையில் தேடி வந்து ஒரு சிப்ஸ் பாக்கெட் கொடுத்தார். நல்ல மனுஷி.

இதை நினைத்துக்கொண்டு நிற்கையில், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரர் திரும்பினார்.

"அண்ணாச்சி, மரத்தோட என்ன பேச்சு? இங்கன வாங்க!"

"இருக்கட்டும்... பரவாயில்ல."

"ஏலே, தள்ளி உக்காருலே! அண்ணாச்சிக்கு எடம் விடு."

"எங்கன தள்ள? என் மடியிலயா உக்காருவாரு?"

"உக்காந்தா தேஞ்சா போயிருவ?"

வரிசை மொத்தமும் நெளிந்தது. அரை அடி இடம் பிறந்தது. என் ஒரு முழங்கால் அந்த இடத்தில், இன்னொன்று யார் மேலோ இருந்தது. ஆனால் மைதானம் தெரிந்தது!

கடைசி ரைடு. ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். பொன்னி உள்ளே போனாள். ஒருத்தியைத் தொட்டாள். மூன்று பேர் அவள் காலைப் பிடித்து அமுக்கினார்கள். தரையோடு தரையாக நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தாள்...

"ஏட்டி பொன்னி! கைய நீட்டு! கோடு... கோடு!"

யார் கத்தியது? நான்தான். வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

விசில் அடித்தபோது அவள் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தோற்றுவிட்டோம்.

"ஒம்ம பிள்ளையா அண்ணாச்சி?" என்று மீசைக்காரர் என் தோளில் கை போட்டார். "சிங்கம்லா!"

முகமெல்லாம் மண்ணோடு பொன்னி வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"உங்க சத்தம் கேட்டுச்சுப்பா."

மீசைக்காரர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவர் கூப்பிட்டு இடம் விடாமல் இருந்திருந்தால், நான் பார்த்தது மரமாகத்தான் இருந்திருக்கும்.

மெல்போர்ன் அம்மா, நீங்கள் ஒருமுறை வடகரைக்கு வாருங்கள் — சீட்டுக்கு நம்பர் கிடையாது, ஆனால் இடம் உண்டு!